ஓர் இசைத்தட்டின் மீது சுமத்தப்பட்ட பழி

பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவின் ரசிகர்களுக்குள் அபிப்பிராய பேதங்களுக்குப் பஞ்சமில்லை. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ உயர்ந்ததா, ‘விஷ் யூ வேர் ஹியர்’ உயர்ந்ததா என்று இரு கட்சியாகப் பிரிந்து விடிய விடிய வாதாடுவார்கள். சிட் பாரெட் இருந்த காலமே பொற்காலம் என்பாரும், அவர் விலகிய பிறகே குழு தலையெடுத்தது என்பாரும் ஒருவர் சொல்வதை ஒருவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 1983-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த ‘தி ஃபைனல் கட்’ என்னும் இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்த மாத்திரத்தில், இவர்களிற் பெரும்பாலோர் பிணக்கை மறந்து ஒரே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். அது பிங்க் ஃபிளாய்டின் படைப்பே அன்று, ரோஜர் வாட்டர்ஸ் குழுவின் பெயரைப் போட்டுக்கொண்டு தாமாகச் செய்த தனித்தட்டு என்பது அத்தீர்ப்பின் முதற்பகுதி. ‘தி வால்’ தயாரானபோது கழித்துப் போட்ட மிச்சங்களின் மூட்டை அது என்பது இரண்டாவது. தந்தையை யுத்தத்தில் இழந்த ஒருவரின் ஓயாத புலம்பல், அதிலும் சங்கீதம் குறைவு, வசனம் அதிகம் என்பது மற்றவை. நாற்பது ஆண்டுகளாக ஒருவர் சொன்னதை மற்றொருவர் திருப்பிச் சொல்லிச் சொல்லி, இது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட உண்மை போலவே நிலைபெற்றுவிட்டது.

இந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரே கருத்தை நூலாகக் கொண்டு பாட்டுகளைக் கோக்கும் கான்செப்ட் ஆல்பம் என்னும் வடிவத்தை இக்குழு பலமுறை கையாண்டிருக்கிறது. அவற்றுள் தன் துயரத்தை விட்டு வெளியே வந்து, பிறருக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் துணிவு இந்த ஒன்றிலேதான் முழுமையாக இருக்கிறது. அதை ஒருவருடைய சொந்தப் புலம்பல் என்று ஒதுக்குவது, அதன் பாட்டுகளைக் கேளாமல் அதன் பிறப்பு வரலாற்றை மட்டும் கேட்டவர்கள் செய்யும் காரியம்.

அந்த வரலாறு இனிமையானதன்று என்பதை நான் மறைக்கவில்லை. பியானோவும் ஆர்கனும் வாசித்துக் குழுவின் ஓசைக்கே ஒரு குணத்தைத் தந்த ரிச்சர்ட் ரைட் அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார். டேவிட் கில்மோர் பிரதானமாகப் பாடுவது ‘நாட் நவ் ஜான்’ என்ற ஒரே பாட்டில். தயாரிப்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது. கடைசிப் பாட்டில் நிக் மேசனுக்குப் பதிலாக ஆண்டி நியூமார்க் டிரம்ஸ் வாசித்தார். உறையிலேயே, இயற்றியவர் வாட்டர்ஸ் என்றும் இசைத்தவர் பிங்க் ஃபிளாய்ட் என்றும் பிரித்து அச்சிட்டிருக்கிறது. எதிர்க்கட்சியார் இதையே வாக்குமூலமாக எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் எழுதியவர் ஒருவர், இசைத்தவர் பலர் என்பதனால் ஒரு படைப்பு குழுவினுடையது ஆகாதென்றால், அந்த அளவுகோலை எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்கவேண்டுமல்லவா?

வைத்துப் பார்ப்போம். 1967-இல் வந்த முதல் இசைத்தட்டான ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ பதினொரு உருப்படிகள் கொண்டது. அவற்றுள் எட்டு சிட் பாரெட் ஒருவரே எழுதியவை. அதைப் பாரெட்டின் தனித்தட்டு என்று சொன்ன ரசிகரை நான் கண்டதில்லை. 1977-இல் வந்த ‘அனிமல்ஸ்’ தட்டிலுள்ள ஐந்தில் நான்கு வாட்டர்ஸ் மட்டுமே எழுதியவை. ‘தி வால்’ என்னும் இரட்டைத் தட்டின் இருபத்தாறு உருப்படிகளில் கில்மோருக்கு ஆக்கத்தில் பங்குள்ளவை மூன்றே. அங்கேயும் ‘மதர்’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் மேசன் அல்லர், ஜெஃப் போர்காரோ. எல்லாவற்றுக்கும் மேலாக 1987-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர்ஸ் விலகிய பிறகு கில்மோர் நடத்திக் கொடுத்த ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ தட்டில் வெளியிலிருந்து வந்த வாத்தியக்காரர்களின் கையே ஓங்கியிருந்தது; மேசனும் ரைட்டும் வாசித்தது சொற்பம்; இந்தக் குறை தெரிந்துதான் 2019-இல் அதை மறுகலவை செய்து வெளியிட்டபோது மேசனைப் புதிதாக டிரம்ஸ் வாசிக்கவைத்து, ரைட்டின் பழைய வாசிப்பைத் தேடிச் சேர்த்தார்கள். அதைக் குழுவின் தட்டு என்று மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டவர்கள், கில்மோரின் கிதாரும் மேசனின் டிரம்ஸும் பெரும்பாலும் நிறைந்திருக்கும் ‘தி ஃபைனல் கட்’டை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்துவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? கில்மோருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் எனக்குத் தடையில்லை. அவகாசம் கேட்ட சகாவுக்கு வாட்டர்ஸ் அவகாசம் கொடுக்கவில்லை. ஆயினும் அப்போது தம்மிடம் பாட்டுகள் தயாராக இல்லை என்று கில்மோரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். சகாவை மதியாமை ஒரு மனிதரின் நடத்தைக் குற்றம். அதற்குத் தண்டனையாகப் பாட்டைக் கொல்வது தர்மமாகாது.

மிச்சம் என்ற குற்றச்சாட்டு இதைவிட வலுவுள்ளதாகத் தோன்றும். முதலில் இத்தட்டு, ‘தி வால்’ திரைப்படத்துக்கான பாட்டுகளைச் சேர்த்து வெளியிடும் உத்தேசத்தில் தொடங்கியது மெய்யே. பன்னிரண்டு பாட்டுகளில் நான்கு, முன்பு ‘தி வால்’ தட்டுக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவை. அன்று உதவாதவை இன்று எப்படி உதவும் என்று கில்மோரே ஆட்சேபித்தார். ஆனால் இக்குழு ஒதுக்கி வைத்ததை மீண்டும் எடுத்து ஆளாத காலம் எது? ‘டார்க் சைட்’டின் சிகரம் என்று எல்லோரும் கொண்டாடும் ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டின் இசை, 1970-இல் வெளியான ‘சாபிரிஸ்கி பாயிண்ட்’ படத்துக்காக ரைட் அமைத்து, இயக்குநரால் நிராகரிக்கப்பட்டது. ‘அனிமல்ஸ்’ தட்டின் ‘டாக்ஸ்’, ‘ஷீப்’ இரண்டும் 1974-இலேயே வேறு பெயர்களில் மேடையில் வாசிக்கப்பட்டு, ‘விஷ் யூ வேர் ஹியர்’ தட்டில் இடம் பெறாமல் நின்றவை. ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாட்டின் இசையே கில்மோரின் தனித்தட்டுக் காலத்து மிச்சம். அவற்றையெல்லாம் பொறுமையின் பலன் என்று புகழ்ந்துவிட்டு, இங்கே மட்டும் மூட்டை என்று இகழ்வது பொருந்தாது.

ஆனால் முன்னுதாரணம் காட்டுவதோடு நான் நிற்க விரும்பவில்லை. அந்த நான்கில் ஒன்றையாவது அருகிருந்து பார்க்கவேண்டும். ‘தி வால்’ தட்டில் வரும் பள்ளி ஆசிரியரை யாரும் மறந்திருக்க முடியாது. பிள்ளைகளை எள்ளி நகையாடி, அடித்து, மனத்தை ஒடிக்கும் கொடுங்கோலர் அவர். வீட்டில் மனைவியிடம் படும் அடிக்குப் பள்ளியில் பழி தீர்த்துக்கொள்கிறார் என்று ஒரே வீச்சில் கேலி செய்து முடித்துவிடுகிறது அந்தத் தட்டு. மாணவன் கண்ணால் மட்டுமே பார்க்கப்பட்ட சித்திரம் அது. ‘தி ஹீரோஸ் ரிடர்ன்’ பாட்டில் அதே ஆசிரியர் திரும்பி வருகிறார். இப்போது நாம் அவருடைய நெஞ்சுக்குள்ளே இருக்கிறோம். டிரெஸ்டன் நகரின்மேல் குண்டு போடப் பறந்த விமானத்தில் இருந்தவர் அவர். யுத்தம் முடிந்தது, வீதியில் கொடி கட்டிக் கொண்டாடினார்கள், மணம் முடித்தார், பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆயினும் அந்த விமானத்தில் குண்டடிபட்ட துப்பாக்கி வீரன், பேசுகருவியின் வழியே சாகும் தறுவாயில் சொன்ன சொற்கள் அவர் காதை விட்டு நீங்கவில்லை. பகலில் மனைவியிடம் சொல்ல முடியாததை, இரவில் அவள் உறங்கிய பிறகு, அவள் கேட்கமாட்டாள் என்ற தைரியத்தில், அவளிடமே மெல்லச் சொல்கிறார். பிள்ளைகளை அடித்த கை எந்த நடுக்கத்தை மறைப்பதற்காக ஓங்கிற்று என்பது அப்போது நமக்கு விளங்குகிறது. 1979-இல் கேலிச் சித்திரமாக நின்ற ஒருவருக்கு 1983-இல் ஒரு சரித்திரமும் மானமும் கிடைக்கின்றன. இந்தப் பாட்டு ‘தி வால்’ தட்டில் இருந்திருந்தால் அந்தக் கேலியே நிலைத்திருக்காது. அதற்கு அங்கே இடமில்லாமற் போனதும், இங்கே வந்து அமர்ந்ததும் இரண்டும் சரியே.

தந்தையைப் பற்றிய ஓயாத புலம்பல் என்ற பழிக்கும் இதே பாட்டில் விடை இருக்கிறது. ரோஜரின் தந்தை எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ் பள்ளி ஆசிரியர். யுத்தத்தின் தொடக்கத்தில், மனச்சாட்சி இடங்கொடாது என்று ஆயுதம் ஏந்த மறுத்தவர். லண்டன் மீது குண்டு பொழிந்த மாதங்களில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, பாசிசத்தை எதிர்த்துப் போர் செய்வதே கடமை என்று மனம் மாறிப் படையில் சேர்ந்தார். 1944 பிப்ரவரி 18-ஆம் தேதி, இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் மாண்டார். அப்போது ரோஜர் ஐந்து மாதக் குழந்தை. இத்தட்டு அவருக்கே சமர்ப்பணம். இப்போது யோசித்துப் பாருங்கள்: ஆசிரியராயிருந்து போருக்குப் போய்த் திரும்பாதவரின் மகன், போரிலிருந்து திரும்பி ஆசிரியரானவரைப் பற்றிப் பாடுகிறான். தன் தந்தை உயிரோடு வந்திருந்தால் ஒருவேளை இப்படித்தான் வந்திருப்பாரோ என்ற அச்சம் அந்தப் பாட்டின் அடியில் ஓடுகிறது. தன் இழப்பைப் பெரிதாக்கிக் காட்ட விரும்புகிறவன், மாண்டவரைப் பீடத்தில் ஏற்றி வைப்பான். பிழைத்து வந்தவனின் சீரழிவை இத்தனை பரிவோடு பார்க்கமாட்டான். 2004-இல் இத்தட்டை மறுபடி வெளியிட்டபோது, தந்தையின் மரணத்தை நேராகச் சொல்லும் ‘வென் தி டைகர்ஸ் புரோக் ஃப்ரீ’ என்ற பாட்டை, இந்தப் பாட்டுக்கும் ஆசிரியரைப் பற்றிய மற்றொரு பாட்டுக்கும் நடுவே வைத்தார்கள். இந்த இணைப்பு தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

தந்தை இங்கே துயரத்தின் பொருளாக மட்டும் இல்லை, சாட்சியாக இருக்கிறார். 1942-இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கையும், 1945-இல் அமைந்த அட்லியின் ஆட்சியும், 1948 ஜூலையில் தொடங்கிய தேசிய மருத்துவ சேவையும் பிரிட்டிஷ் மக்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தன: நோயுற்றவன் காசில்லாமல் சாகமாட்டான், வேலையற்றவன் பட்டினி கிடக்கமாட்டான், இத்தகைய யுத்தம் இனி வாராது. மனச்சாட்சிக்காக ஆயுதத்தை மறுத்த ஒருவர் அதே மனச்சாட்சிக்காக ஆயுதம் ஏந்தினார் என்றால், இப்படி ஒரு வாக்கை நம்பித்தான் ஏந்தியிருக்கவேண்டும். ‘தி கன்னர்ஸ் டிரீம்’ பாட்டில், அடிபட்ட விமானத்திலிருந்து வானத்தில் விழுந்துகொண்டிருக்கும் வீரன் காண்கிற கனவு அதுவே. சொர்க்கம் எதையும் அவன் கேட்கவில்லை. தங்குவதற்கு ஓர் இடம், போதிய உணவு, பயமின்றி வாய்விட்டுப் பேசும் உரிமை, கதவை உடைத்துக்கொண்டு எவனும் உள்ளே நுழையமாட்டான் என்ற நிச்சயம், இவ்வளவே. வாத்தியம் வாசிக்கும் சிப்பாய்களைத் தூரத்திலிருந்து வெடிவைத்துக் கொல்லாத நாட்டையும் அவன் கனவு காண்கிறான். 1982 ஜூலையில் லண்டன் ரீஜன்ட் பூங்காவில், ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டுக்கு ராணுவ வாத்தியக்காரர்கள் ஏழு பேர் பலியானதை அன்றைய செவிகள் உடனே இனங்கண்டுகொண்டிருக்கும். அந்தப் பாட்டின் நடுவில் வாட்டர்ஸின் குரல் ஓர் அலறலாக நீண்டு, எந்தக் கணத்தில் என்று தெரியாமல் ராஃபேல் ரேவன்ஸ்கிராஃப்டின் சாக்ஸஃபோனாக மாறிவிடுகிறது. சொல் தோற்ற இடத்தில் நாதம் அதன் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. இதைக் கேட்ட பிறகும் சங்கீதம் குறைவு என்பவரோடு நான் எப்படி வாதாடுவது?

சங்கீதத்தைப் பற்றி இன்னும் ஒன்று. கில்மோரின் நீண்ட கிதார் ஆலாபனைகளை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இத்தட்டு ஏமாற்றம் தருவது இயற்கை. ஆனால் ‘யுவர் பாசிபிள் பாஸ்ட்ஸ்’ பாட்டிலும் ‘தி ஃபிளெட்சர் மெமோரியல் ஹோம்’ பாட்டிலும் அவர் வாசிப்பவை சுருக்கத்தினாலேயே வலிவு பெற்றவை. இரண்டாவதில், குரல் சொல்லி முடித்த கோபத்தை ஒரு சுரமும் வீணாகாமல் எடுத்துச் செல்கிறார். பித்தளை வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் கொண்டு மைக்கேல் கேமன் அமைத்த பின்னணி, ஆண்டுதோறும் மாண்ட வீரர்களை நினைவுகூரும் நவம்பர் மாதத்து ஆங்கில வைபவங்களின் ஓசையைத் தழுவியது. பாப்பி மலரும் பதக்க நாடாக்களும் உள்ள உறைக்கு ஏற்ற ஓசை. கிசுகிசுப்புக்கும் கூச்சலுக்கும் இடையே வாட்டர்ஸின் குரல் தாவுவதைச் சிலர் குறை கூறுகிறார்கள். உறங்குகிறவள் விழித்துவிடாமல் பேசுகிறவன் வேறு எப்படிப் பேசுவான்? அடக்கி வைத்தது பீறிடும்போது வேறு எப்படிக் கேட்கும்?

அரசியல் பழசாகிவிட்டது என்ற ஆட்சேபமும் உண்டு. தாட்சர், ரீகன், பிரெஷ்னேவ், பெகின், கால்டியேரி என்று பெயர் சொல்லிப் பாடினால், அந்தப் பெயர்கள் மறைந்ததும் பாட்டும் மறையும் என்பது அவர்கள் தர்க்கம். அதைச் சொன்ன காலத்தை நினைக்கவேண்டும். 1982 ஏப்ரலில் அர்ஜென்டினா ஃபாக்லாந்துத் தீவுகளைப் பிடித்தது; ஜூன் நடுவில் பிரிட்டன் மீட்டது. மே 2-ஆம் தேதி ‘ஹெனரல் பெல்கிரானோ’ என்ற கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது 323 அர்ஜென்டின மாலுமிகள் இறந்தார்கள். நாடு வெற்றிக் களிப்பில் இருந்தது. 1983 ஜூன் தேர்தலில் தாட்சர் 144 இடப் பெரும்பான்மையோடு வென்றார். அந்தக் களிப்பின் நடுவில், எதிரியின் கப்பலில் மூழ்கியவர்களையும் கணக்கில் சேர்த்துப் பாட ஒரு புகழ்பெற்ற ஆங்கிலக் குழு முன்வந்தது என்பது சாமானியமான காரியமன்று. மேலும், ‘ஃபிளெட்சர் மெமோரியல் ஹோம்’ வெறும் வசைப்பாட்டு என்பவர்கள் அதன் முடிவைக் கேட்கவில்லை. தேறாத கொடுங்கோலர்களைத் தந்தையின் பெயரால் அமைந்த ஒரு காப்பகத்தில் அடைக்க நினைக்கும் பாடகன், கடைசியில் அவர்கள் முறையையே அவர்கள்மீது பிரயோகிக்கும் எண்ணத்தைத் தொட்டுவிடுகிறான். கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தன்னையே உதாரணமாக்கிக் காட்டும் இடம் அது. ‘சவுதாம்டன் டாக்’ இதற்கு நேர் எதிரான அமைதி. 1945-இல் திரும்பி வந்தவர்களையும் வாராதவர்களையும் பார்த்து நின்ற பெண், மீண்டும் அதே துறைமுகத்தில் வேறொரு தலைமுறையை வழியனுப்புகிறாள். 1982-இல் ‘கான்பெரா’வும் ‘குவீன் எலிசபெத் 2’-வும் படைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட துறைமுகம் அதுவேதான். இரண்டே நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பாட்டில் கண்டனம் என்று ஒரு சொல்லும் உரத்து ஒலிக்கவில்லை.

தட்டின் பெயரையே தாங்கிய பாட்டு மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும். அதன் கிதார் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாட்டை அளவுக்கு மேல் நினைவூட்டுகிறது. புகழ்பெற்ற பாடகனின் அந்தரங்க வேதனை என்ற ‘தி வால்’ தட்டின் பழைய அறைக்குள் அது ஒருதரம் திரும்பிப் போய்விடுகிறது. சுயபரிதாபம் என்ற குற்றச்சாட்டு அந்த ஒரு பாட்டின்மேல் நியாயமாகவே விழும். மற்றப் பதினொன்றின்மேல் விழாது.

கடைசிப் பாட்டான ‘டூ சன்ஸ் இன் தி சன்செட்’ தொடர்பில்லாமல் ஒட்டப்பட்டது என்பாரும் இருக்கிறார்கள். தட்டின் ஆரம்பத்தில் வானொலியை யாரோ திருப்புகிறார்கள். அணுக்கதிர் வீச்சிலிருந்து தப்பப் பீட்டர்பரோவில் ஒரு பதுங்கிடம் கட்டப்போவதாகச் செய்தி வருகிறது. ஃபாக்லாந்துப் போரில் அழிந்த ‘அட்லாண்டிக் கன்வேயர்’ கப்பலுக்குப் பதிலான கப்பல் பிரிட்டனில் அன்றி ஜப்பானில் கட்டப்படும் என்ற செய்தியும் வருகிறது. கிளைடு நதிக்கரைக் கப்பல் தொழிலாளிக்குக் கொடுத்த வாக்கும், யுத்தம் இனி இல்லை என்று கொடுத்த வாக்கும் இரண்டும் பொய்த்தன என்பது ஒரு பாட்டுத் தொடங்குமுன்னே சொல்லப்பட்டுவிடுகிறது. முடிவில், மாலையில் காரோட்டிச் செல்கிறவன், பின்னால் காட்டும் கண்ணாடியில் சூரியன் மறைந்துகொண்டிருக்க, கிழக்கே இன்னொரு சூரியன் எழக் காண்கிறான். முதற்செய்தியில் வந்த பதுங்கிடம் எதற்கு என்பது அப்போது தெரிகிறது; சாம்பலாவதில் நண்பனும் பகைவனும் சமம் என்று உணர்ந்து அவன் அழிகிறான். இந்த ஒழுங்கில் எந்தப் பாட்டை எடுத்தால் கட்டுக் குலையாது, எதை இடம் மாற்றினால் பொருள் பிறழாது என்பதை, மிச்சங்களின் மூட்டை என்று இன்னும் சொல்லுகிறவர்கள் எடுத்துக் காட்டட்டும்.